ஆறு மாதம் ஆடாத முழங்கால்

2016 ஜனவரி இறுதியில், மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்றார் ரோஜர் ஃபெடரர். மறுநாள் தன் இரட்டைப் பெண்களைக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டுத் திரும்பியவருக்கு இடது முழங்காலில் ஏதோ சொடுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்டது. பதினெட்டு ஆண்டுகளாகப் புல்லிலும் களிமண்ணிலும் சிமெண்டுத் தரையிலும் ஓடி, சறுக்கி, முறுகித் தாங்கிய மூட்டு அது. அதிலிருந்த மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தகடு கிழிந்திருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் வாழ்வில் அதுவே முதல் அறுவை.

ஏப்ரலில் அவர் மான்டி கார்லோவில் ஆடத் திரும்பிவிட்டார். பிறகு முதுகு வலித்தது. தொடர்ச்சியாக 65 கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ஆடியவர், அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபனைத் தவறவிட்டார். ஜூலையில் விம்பிள்டன் அரையிறுதி. மிலோஸ் ராவ்னிச்சுடன் ஐந்தாவது செட்டில் கால் தடுக்கிப் புல்தரையில் குப்புற விழுந்தார். அந்த ஆட்டத்தையும் இழந்தார். ஜூலை 26 அன்று அறிவிப்பு வந்தது. இன்னும் சில ஆண்டுகள் காயமின்றி ஆட வேண்டுமானால் முழங்காலுக்கும் உடம்புக்கும் முழுதாகக் குணமாகும் அவகாசம் தர வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்; ஆகவே ரியோ ஒலிம்பிக் உட்பட அந்த ஆண்டின் மிச்சப் போட்டிகள் எதிலும் ஆடப்போவதில்லை என்றார். அடுத்த மாதம் அவருக்கு 35 வயது நிறைந்தது. கடைசியாகக் கிராண்ட் ஸ்லாம் வென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நவம்பரில் தரவரிசையில் முதல் பத்துக்கு வெளியே போனார். 2002-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

2017 ஜனவரியில் திரும்பி வந்து, 17-ஆம் நிலை வீரராக ஆஸ்திரேலிய ஓபனில் இறங்கினார். முதல் பத்து இடங்களில் இருந்த நான்கு பேரை வென்றார். அதில் மூன்று ஆட்டங்கள் ஐந்து செட் வரை போயின. இறுதியில் எதிரே ரஃபேல் நடால். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்தவர் தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்துக் கோப்பையை வென்றார்.

ஆறு மாதம் போட்டி ஆடாத 35 வயது உடம்பு இதை எப்படிச் செய்தது? மேதைமை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். மேதைமை இருந்தது உண்மைதான், ஆனால் தோற்ற ஆண்டுகளிலும் அது அவரிடம் இருந்தது. பயிற்சியை நிறுத்தும்போது உடம்பில் எது போகிறது, எது தங்குகிறது, எது மெல்ல ஆறுகிறது என்பதை உடலியல் ஓரளவு தெளிவாகவே கண்டறிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் சாம்பியன்கள் களத்தை விட்டு விலகுவதை நாம் பார்க்கும் பார்வையே மாறும் என்று நம்புகிறேன்.

முதலில் போவது மூச்சுப்பலம். 1980-களில் அமெரிக்காவில் எட்வர்ட் காய்ல் என்ற உடலியலாளரும் சகாக்களும், ஆண்டுக்கணக்கில் கடுமையாகப் பயிற்சி செய்துவந்த ஓட்டக்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். உடம்பு உச்சகட்டமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் மூன்று வாரத்தில் 7 விழுக்காடு குறைந்தது. எட்டு வாரத்தில் 16 விழுக்காடு குறைந்து, அதன் பிறகு சரியாமல் நின்றது. தொடக்கச் சரிவுக்குக் காரணம் என்ன? தசையா, இதயமா? அதே குழு பிறகு செய்த சோதனை அழகானது. சில வாரம் சும்மா இருந்தவர்களின் இரத்த அளவு 9 விழுக்காடு குறைந்திருந்தது. பயிற்சியில் இருக்கும் உடம்பு இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் கூடுதலாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தேவையில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடும். இரத்தத்தின் அளவு குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தமும் குறையும். ஆய்வாளர்கள் இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றி அந்த அளவை மீட்டார்கள். இதயத்தின் வேலை ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதயம் பலவீனமாகவே இல்லை. அதற்கு வந்துசேரும் இரத்தம்தான் குறைந்திருந்தது. இத்தகைய இழப்பு பெரிதாகத் தெரிந்தாலும் பயிற்சியைத் தொடங்கிய சில வாரங்களில் சரியாகிவிடக் கூடியது.

ஆனால் சும்மா இருப்பதற்கும் படுத்துக் கிடப்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை, எல்லோருக்கும் 20 வயது, மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த கெடுதலைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதல் அதிகமாக இருந்தது. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த மருத்துவ வழக்கத்தை மாற்றியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. விளையாட்டு வீரர்களின் இடைவெளிக்கும் பாடம் இதுதான்: போட்டியை நிறுத்தலாம், உடம்பை நிறுத்தக் கூடாது.

இனி, போகாதவை. தசைநார் விசித்திரமான செல். மற்றப் பெரும்பாலான செல்களுக்கு ஒரே உட்கரு இருக்க, ஒரு தசைநாருக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். பயிற்சியால் தசை பருக்கும்போது பக்கத்திலுள்ள துணைச்செல்கள் அதனுடன் கலந்து புதிய உட்கருக்களைத் தருகின்றன. பயிற்சி நின்று தசை மெலிந்தால் இவையும் அழிந்துவிடும் என்றுதான் முன்பு எண்ணினார்கள். 2010-இல் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு எலிகளின் தசையை உயிரோடிருக்கும்போதே நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தது. தசை மெலிந்தது, உட்கருக்கள் அப்படியே இருந்தன. மீண்டும் பயிற்சி வரும்போது புரதம் தயாரிக்க வேண்டிய ஏற்பாடு தயாராகவே இருக்கிறது என்று பொருள். மனிதரிலும் இது இதே அளவுக்கு நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 2018-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது: ஏழு வாரம் பளு தூக்கினார்கள், ஏழு வாரம் நிறுத்தினார்கள், மீண்டும் ஏழு வாரம் தூக்கினார்கள். முதல் பயிற்சியின்போது சில மரபணுக்களின் மேலுள்ள வேதியியல் குறிகளில் ஏற்பட்ட மாற்றங்கள், நிறுத்திய காலத்திலும் மறையாமல் இருந்தன. இரண்டாம் முறை தசை இன்னும் நன்றாக வளர்ந்தது.

எலும்பு இதைவிட விசுவாசமானது. டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் மேற்கை எலும்பின் சுவர், மற்றக் கையைவிட ஆண்களிடம் சுமார் 35 விழுக்காடும் பெண்களிடம் சுமார் 28 விழுக்காடும் தடிமனாக இருப்பதை 1977-இலேயே அளந்திருக்கிறார்கள். ஒரே உடம்பில், ஒரே உணவில், ஒரே மரபணுக்களோடு இரு கைகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு என்பது வியப்பூட்டுவது. எந்த வேலை கொடுக்கிறோமோ அதற்கேற்ப எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்பதற்கு விளையாட்டு அறிவியலில் இதைவிடத் தெளிவான சான்று குறைவு. சிறு வயதில் கட்டிய இந்தத் தடிமன் ஆறு மாதத்தில் கரைந்துவிடாது.

கைப்பழக்கமும் அப்படித்தான். சர்வீஸ் போடும் அசைவு சிறுமூளையிலும் மூளையின் இயக்கப் பகுதிகளிலும் ஆழப் பதிந்தது. நீச்சலைப் போல அதுவும் மறப்பதில்லை. மழுங்குவது ஆட்டத்தின் காலக்கணிப்பு மட்டுமே. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸைத் திருப்ப ஒரு வீரருக்குக் கிடைப்பது சுமார் அரை நொடி. எதிராளியின் தோள், பந்தைத் தூக்கி எறியும் கோணம் ஆகியவற்றைப் பார்த்தே திசையை ஊகிக்க வேண்டும். அந்தக் கூர்மை உண்மையான ஆட்டங்களில்தான் திரும்பி வரும். அதனால்தான் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் முதல் சில ஆட்டங்களில் தடுமாறுகிறார்கள். அதைப் பார்த்து 'முடிந்துவிட்டது' என்று தீர்ப்பெழுதுவது அவசரம்.

இவ்வளவும் எளிதில் மீள்பவை, அல்லது போகாதவை. சிக்கல் மூன்றாவது வகையில் இருக்கிறது: இரத்த ஓட்டம் குறைந்த திசுக்கள். தசை கிழிந்தால் இரத்தம் வந்து சில வாரங்களில் ஆற்றிவிடும். ஃபெடரருக்குக் கிழிந்த மெனிஸ்கஸ் வேறு ரகம். பிறை வடிவமான அந்தத் தகட்டின் வெளி விளிம்புக்கு மட்டுமே இரத்தக் குழாய்கள் எட்டுகின்றன. உள்பகுதிக்கு உணவு தருவது மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான். அதுவும் முழங்கால் மடங்கி நிமிரும்போதுதான் சரியாக உள்ளே ஊறும். அசைவு வேண்டும், ஆனால் அடி விழக் கூடாது. டென்னிஸ் ஆட்டத்தில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. இன்னொன்றும் உண்டு. மூட்டுக்குள் சிறிதளவு நீர் கோத்தாலே அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி, தொடையின் முன்தசையை முழு பலத்தோடு இயங்கவிடாமல் தண்டுவடத்திலேயே தடுத்துவிடுகிறது. வீரர் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக முறுக்காது. வலி இல்லாதபோதுகூட இது நடக்கும். வலி போய்விட்டது என்று சீக்கிரம் களமிறங்குகிறவர்கள், பலமிழந்த தொடையோடு இறங்குகிறார்கள். அடி நேரே மூட்டின் மேல் விழுகிறது.

தசைகளை எலும்போடு கட்டும் தசைநாண்களின் கதை இன்னும் அதிர்ச்சியானது. அதைக் கண்டுபிடிக்க உதவியவை அணுகுண்டுகள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்தச் சோதனைகளைத் தடைசெய்த 1963 உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கார்பன் செடிகளுக்குப் போய், உணவாகி, அந்தக் காலத்தில் உருவான ஒவ்வொரு மனிதத் திசுவிலும் ஆண்டு முத்திரைபோலப் பதிந்தது. டென்மார்க்கில் காட்யா ஹைனமையர் குழு இறந்தவர்களின் குதிகால் தசைநாணை எடுத்து இந்தக் கார்பனை அளந்தது. முடிவு 2013-இல் வெளியானது. தசைநாணின் மையப்பகுதி, அந்த மனிதர் சுமார் 17 வயதை எட்டும்வரை உருவானது. அதன் பிறகு அது ஏறக்குறைய புதுப்பிக்கப்படவே இல்லை. தசையோ வாழ்நாள் முழுதும் மாறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வெள்ளையடிக்கலாம், ஓடு மாற்றலாம். நடுத்தூண் மட்டும் கட்டியபோது நட்டதுதான். 35 வயது வீரர் தன் பதின்ம வயதில் உருவான தசைநாணின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

தசைநாணின் வெளிப்புறப் பகுதிகள் பயிற்சிக்கு எதிர்வினை காட்டுகின்றன. ஆனால் அதற்கும் ஒரு கால ஒழுங்கு உண்டு. கடும் பயிற்சிக்குப் பிறகு கொலாஜன் புரதம் உடைவதும் புதிதாக உருவாவதும் ஒன்றாகவே தொடங்குகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை உடைவதுதான் மிஞ்சி நிற்கிறது. அதன் பிறகே வரவு செலவை மிஞ்சுகிறது. கிராண்ட் ஸ்லாம் போட்டியில் ஆண்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து செட் வரை ஆடுகிறார்கள். மற்றப் பல போட்டிகளில் அடுத்தடுத்த நாட்களிலேயே ஆடுகிறார்கள். ஒரு சர்வீஸில் தோள் உட்புறமாகச் சுழலும் வேகம் நொடிக்கு 2,000 பாகையைத் தாண்டும் என்று 2000 சிட்னி ஒலிம்பிக் ஆண்கள் ஆட்டங்களில் அளந்திருக்கிறார்கள். ஜனவரியில் தொடங்கி நவம்பர் வரை ஓடும் அட்டவணையில் தசைநாணின் கணக்கு எப்போது நேராகும்?

மனத்தின் களைப்பைத் தனியே சொல்ல வேண்டும். அதை உடம்புக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்றாக நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 2009-இல் சாமுவேலே மார்க்கோரா பிரிட்டனில் செய்த சோதனையில், 90 நிமிடம் கவனத்தைக் குவிக்கும் கணினிப் பணி செய்தவர்கள், பிறகு சைக்கிள் மிதிக்கையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயத்திலும் தசையிலும் கோளாறு எதுவும் தெரியவில்லை. அதே வேலை அவர்களுக்குக் கூடுதல் கடினமாகத் தோன்றியது, அவ்வளவே. ஒன்றரை மணி நேரத்துக்கே இந்த நிலை. ஆண்டு முழுதும் விமானம், விடுதி, பத்திரிகையாளர் கூட்டம், ஒவ்வொரு திங்கள்கிழமையும் மாறும் தரவரிசை என்று வாழ்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். 2021-இல் நவோமி ஒசாகா மன அழுத்தத்தைச் சொல்லிப் பிரெஞ்சு ஓபனிலிருந்து விலகியபோது எழுந்த ஏச்சில் பாதி, இந்த உடலியலை அறியாததால் எழுந்தது. ஆஷ் பார்ட்டி 2014-இல், 18 வயதில், டென்னிஸை விட்டு, பிறகு பிரிஸ்பேன் ஹீட் அணிக்காகக் கிரிக்கெட் ஆடப் போனார். 2016-இல் திரும்பினார். பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், ஆஸ்திரேலிய ஓபன் மூன்றையும் வென்றது அதன் பிறகுதான்.

எல்லா இடைவெளியும் பலன் தந்துவிடாது. பியான் போர்க் 11 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களோடு 26 வயதில் ஆட்டத்தை விட்டார். 1991-இல் மான்டி கார்லோவில் பழைய மரமட்டையோடு திரும்பி வந்து, ஜோர்டி அர்ரேசேவிடம் நேர் செட்களில் தோற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவ்வப்போது ஆடியும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. உடம்பு மட்டும் காரணம் அல்ல. அதற்குள் மட்டைகள் மாறி, பந்தின் வேகமும் சுழலும் மாறி, விளையாட்டே வேறாகிவிட்டது. ஃபெடரரின் பின்னாள் வரலாறும் பாடம்தான். 2020-இல் வலது முழங்காலில் இரண்டு அறுவை, 2021-இல் இன்னொன்று. இந்த முறை மூட்டு மீளவில்லை. 2022 செப்டம்பரில், 41 வயதில், லண்டனில் நடாலோடு இரட்டையர் ஆட்டம் ஆடி விடைபெற்றார். குருத்தெலும்புக்குத் தன்னைச் சரிசெய்யும் திறன் மிகக் குறைவு. தேய்ந்ததை எந்த இடைவெளியும் திருப்பித் தராது. காலத்தில் எடுத்த இடைவெளிக்கும் கடந்து எடுத்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது.

2016-இன் இடைவெளியில் அவர் படுத்துக் கிடக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. நீண்டகால உடற்பயிற்சி ஆலோசகர் பியர் பகனினியோடு தொடையையும் இடுப்பையும் படிப்படியாக வலுப்படுத்தினார். சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிக்கொண்ட பெரிய ராக்கெட்டோடு, போட்டி நெருக்கடி இல்லாமல் பழகினார். நடாலின் உயர எழும்பும் பந்துகளுக்கு ஆண்டுக்கணக்கில் திணறிய பேக்ஹேண்டை, அந்த இறுதி ஆட்டத்தில் பந்து எழும்போதே முன்னால் சென்று அடித்தார். ஓடும் பருவத்தில் ஓர் அடியை இப்படி மாற்றிப் பழக யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. பலனைக் கண்டவர் 2017-இல் களிமண் பருவம் முழுவதையும் தானே விட்டுக்கொடுத்தார். அந்த ஜூலையில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் விம்பிள்டனை வென்றார். 1976-இல் போர்க் செய்த பிறகு ஆண்கள் பிரிவில் அப்படி வென்றவர் அவர்தான். 2018 பிப்ரவரியில், 36 வயதில், மீண்டும் உலகின் முதல் இடம்.

இவ்வளவு நன்மை இருந்தும் மற்றவர்கள் ஏன் விலகுவதில்லை? தரவரிசைப் புள்ளிகள் 52 வாரங்களில் காலாவதியாகின்றன. ஆடாதவர் சரிகிறார். ஆறு மாதமோ அதற்கு மேலோ காயத்தால் விலகும் ஆண் வீரருக்குப் பழைய தரவரிசையைக் குறிப்பிட்ட போட்டிகளில் நுழையப் பயன்படுத்த அனுமதி உண்டு. மகளிருக்கும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. மூன்று மாதம் போதும் என்கிற காயத்துக்கு அது இல்லை. ஃபெடரரால் வருமானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆறு மாதம் இருக்க முடிந்தது. நூற்றைம்பதாம் இடத்தில் இருப்பவர் வலிமாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறுகிறார். இது அநியாயமான அமைப்பு, மாற்றப்பட வேண்டியது.

அவர்களைவிட எனக்குக் கவலை தருபவர்கள் சிறுவர்கள். பிரிட்டனில் வலி எதுவும் சொல்லாத 33 இளம் டென்னிஸ் வீரர்களின் கீழ்முதுகை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது 28 பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. 2007-இல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவில் நீரு ஜெயந்தி குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை ஆராய்ந்தது. தங்கள் வயதின் எண்ணிக்கையைவிட அதிக மணி நேரத்தை வாரந்தோறும் விளையாட்டில் செலவிட்டவர்களிடம் கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் என்று எல்லை வைத்துக்கொள்ள இதுவே போதுமான காரணம். வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் மாதம் மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாதமும் தன் முதன்மை விளையாட்டிலிருந்து பிள்ளை விலகியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். அந்த மாதங்களில் நீந்தட்டும், சைக்கிள் ஓட்டட்டும், தெருவில் வேறு எதையாவது ஆடட்டும். உங்கள் வீட்டில் ராக்கெட்டோ மட்டையோ பிடிக்கும் பிள்ளை இருந்தால், வரும் ஆண்டின் நாட்காட்டியில் போட்டித் தேதிகளைக் குறிப்பதற்கு முன்னால் அந்த மூன்று மாதங்களைக் குறித்துவிடுங்கள்.